காயல் பார்த்து வந்த கதையும், எங்க குளத்தங்கரை வயலும்

பொங்கலுக்கு அப்புறம் இங்க ஒண்ணும் எழுதல. வயல் வேலைதான் காரணம்னு நினைச்சிருப்பீங்க. உண்மை என்னன்னா, பிசானம் நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல, தண்ணி பாக்குற வேலையைத் தம்பி தலையில கட்டிட்டு, அஞ்சு நாள் ஊர் சுத்தப் போயிட்டேன். ஊர்ல நாலு பேரு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

போனது வேம்பநாட்டுக் காயலுக்கு. நம்ம செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு ராத்திரி ரயில் தூரம். மகன் கொச்சியில கம்ப்யூட்டர் வேலை பாக்குறான். அவங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷமா மூட்டு வலி. "ரெண்டு நாள் குமரகத்துல தங்கி எண்ணெய் தேச்சுக்கிட்டு வாங்க"ன்னு காயல் கரையில ஒரு பெரிய ரிசார்ட்ல ரூம் போட்டுட்டான். வாடகை எவ்வளவுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். அப்புறம் அங்க வரவேற்புல இருந்த அட்டையில பாத்தேன். ஒரு ராத்திரிக்கு எங்க வயல் நெல்லு பத்து மூட்டை போகும்.

நான் கிளம்பினதுக்கு இன்னொரு காரணம் இருந்தது. வீட்டுல அப்ப சொல்லல, இங்க சொல்றேன். எங்களுக்குக் குளத்தங்கரையை ஒட்டி ரெண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கு. எனக்கும் தம்பிக்கும் பொதுப் பட்டா. போன ஐப்பசியில ஒரு புரோக்கர், பெங்களூர்ல இருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்தார். கரையில நின்னு மலையைப் பாத்தாங்க, குளத்தைப் பாத்தாங்க, போன்ல படம் பிடிச்சாங்க. "ரிசார்ட் போடலாம் சார், ஆயுர்வேத ஸ்பாவோட. குற்றாலம் வர்ற கூட்டம் இங்க திரும்பும்"னாங்க. சொன்ன விலை, நாங்க ரெண்டு பேரும் இருபது வருஷம் நெல்லு விதைச்சாலும் கையில நிக்காத பணம். தம்பி மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கான். அவன் சரின்னுட்டான். பொதுப் பட்டாங்கிறதால என் கையெழுத்து வேணும். நான் பொங்கல் கழியட்டும்னு இழுத்துக்கிட்டே இருந்தேன். ஏரிக்கரையில ரிசார்ட் வந்த ஊரு எப்படி இருக்குன்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லலாம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு.

பாலருவி எக்ஸ்பிரஸ்ல ஏறி கோட்டயத்துல இறங்கி, அங்கிருந்து ஆட்டோல குமரகம். காயலை முதல்ல பாத்தப்ப எங்க வீட்டுக்காரி கேட்டது, "என்னங்க, இது கடலா?" கேட்டதுல தப்பில்ல. கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர் நீளம், இந்தியாவிலேயே நீளமான ஏரி. ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம்னு மூணு மாவட்டத்துல கிடக்கு. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை எல்லாம் இதுலதான் வந்து விழுது. 2002-ல் ராம்சர் பட்டியல்ல சேர்த்த ஈரநிலம்.

ரிசார்ட்டைப் பத்தி குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, மரியாதையாத்தான் பாத்தாங்க. பழைய மர வீட்டு மாதிரி ஓட்டுக் கூரை, உள்ள குளிர்சாதனம். காயலுக்கு பத்தடி தள்ளி ஒரு நீச்சல் குளம். இவ்வளவு தண்ணி பக்கத்துல கிடக்க, அதுக்கு வேற ஒரு தண்ணி, நீலக் கலர்ல. அந்த நீலத் தண்ணிக்குள்ள படுத்துக்கிட்டு காயலைப் பாக்குறாங்க. எனக்கு அது பிடிபடல.

வைத்தியத்துல வீட்டுக்காரிக்கு ஞவரக்கிழின்னு ஒண்ணு செஞ்சாங்க. ஞவரை ஒரு நெல்லு. நம்ம அறுபதாம் குறுவை மாதிரி குறுகிய நாள்ல விளையுற பழைய ரகம். அந்த அரிசியைப் பாலும் குறுந்தொட்டிக் கஷாயமும் விட்டு வேகவச்சு, துணியில பொட்டலமா கட்டி, சூட்டோட உடம்புல உருட்டித் தேய்க்கிறாங்க. அவ வெளிய வந்து சொன்னா, "வலி குறைஞ்ச மாதிரி இருக்குங்க, ஆனா சோத்தைக் கீழ கொட்டுறது மனசுக்கு ஒப்பல." அங்க வேலை பாத்த அம்மா சிரிச்சுட்டாங்க. அவங்க சொன்னாங்க, இதெல்லாம் கர்க்கடக மாசத்து வைத்தியம்னு. கர்க்கடகம்னா நம்ம ஆடி. மழை கொட்டும், வயல்ல வேலை இருக்காது, கையில காசும் இருக்காது. அந்த மாசம் உடம்புக்கு ஓய்வு கொடுத்து, எண்ணெய் தேய்ச்சு, மருந்துக் கஞ்சி குடிப்பாங்க. உழைக்கிற சனத்தோட உடம்பு அடுத்த போகத்துக்குத் தாங்கணும்னு வந்த பழக்கம். இப்ப பன்னிரண்டு மாசமும் நடக்குது, அந்த சனம் தேய்க்கிற பக்கம் நிக்குது. அந்த அம்மாவுக்கும் முழங்கால் வலி இருக்காம். அவங்களுக்கு யார் கிழி போடுறாங்கன்னு நான் கேட்கல. கேட்டிருக்கணும்.

குமரகத்துக்கு ஒரு நல்லதும் சொல்லியாகணும். 2000-ம் வருஷக் கடைசியில வாஜ்பாய் பிரதமரா இருந்தப்ப இங்க வந்து தங்கினார். அதுக்கப்புறம் இந்தப் பேரு நாடு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. ஓட்டல் பெருகப் பெருக ஊர்ச் சனம் சண்டைக்கு நின்னிருக்கு. 2008-ல் இருந்து அரசாங்கமே 'பொறுப்புச் சுற்றுலா'ன்னு ஒரு ஏற்பாடு கொண்டு வந்து, குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவிக்கிற காய்கறியை ஓட்டல்கள் வாங்குற மாதிரி செஞ்சாங்க. தரிசாக் கிடந்த வயல் கொஞ்சம் திரும்பப் பச்சையானது இதனாலதான்னு தோட்டக்காரர் ஒருத்தர் சொன்னார். அதைக் கேட்டதும் என் மனசு பார்ட்டி பக்கம் கொஞ்சம் சாஞ்சது நிஜம்.

மூணாம் நாள் காலையில குமரகம் படகுத்துறையில இருந்து அரசாங்கப் படகு ஏறி அக்கரை முகம்மாவுக்குப் போனோம். டிக்கெட் ஒரு டீ வடைக் காசுதான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மீன் கூடை, சைக்கிள் எல்லாம் ஒண்ணா வருது. நடுவுல பாதிராமணல் தீவு. ரெண்டு நாள் கண்ணாடிக்குள்ள இருந்து பாத்த காயல், இந்த அரை மணி நேரத்துலதான் காத்தும் வாசமுமா வந்து சேர்ந்துச்சு. முகம்மாவுல இருந்து பஸ் பிடிச்சு ஆலப்புழை, அங்கிருந்து மறுபடி படகு, கைனகரி.

கைனகரியில நாங்க தங்கினது ஒரு விவசாயி வீட்டுல. எங்க ஊர் கதிர் அறுப்பு மெஷின் டிரைவர் தம்பி வருஷா வருஷம் மார்ச்ல குட்டநாட்டுக்கு அறுப்புக்குப் போவான். அங்க அவன் சாப்பிடுறது இந்த வீட்டுலதான். அவன்தான் நம்பர் கொடுத்தான். சேட்டனுக்கு அறுபது வயசு இருக்கும். மேல ரெண்டு ரூமைத் தங்குறவங்களுக்கு விட்டிருக்கார். கட்டிலும் மின்விசிறியும் மட்டும்தான். ராத்திரி கரிமீனும் கப்பைக் கிழங்கும். எங்க வீட்டுக்காரி அடுப்படியில போய் உக்காந்துட்டா. அவளுக்கு மலையாளம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் சினிமா மட்டும் தெரியும். ரெண்டு பேரும் பதினோரு மணி வரைக்கும் பேசினாங்க.

மறுநாள் விடியக்காலையில சேட்டன் வரப்புக்குக் கூட்டிட்டுப் போனார். வரப்புன்னா நம்ம வரப்பு இல்ல, வண்டி போற அகலத்துக்குக் கல்லும் களிமண்ணும் வச்சுக் கட்டின பெரிய பண்டு. அதுல நின்னா இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் நெல்லு. நெல்லு கீழ கிடக்கு, தண்ணி மேல நிக்குது. வயல்ல நின்னு அண்ணாந்து பாத்தா படகு நம்ம தலைக்கு மேல போற மாதிரி போகுது. கடல் மட்டத்துக்குக் கீழ நெல் விளைவிக்கிற இடம் இது. உலக உணவு அமைப்பு 2013-ல் இதை உலக விவசாய மரபுச் சொத்துன்னு அங்கீகரிச்சது. நமக்கெல்லாம் வயலுக்குத் தண்ணி வரணுமேன்னு கவலை. அவங்களுக்கு வயல்ல இருந்து தண்ணி போகணுமேன்னு கவலை. ஒரு பாடசேகரத்துக்காரங்க எல்லாரும் சேர்ந்து மோட்டார் வச்சு இறைச்சு, வயலைக் காய வச்சு, அப்புறம் விதைக்கணும். மரப்பெட்டி வச்ச பழைய மோட்டாரைப் 'பெட்டியும் பறையும்'னு சொல்றாங்க. ஒருத்தன் பண்டு உடைஞ்சா அத்தனை பேரு வயலும் போச்சு. அங்க தண்ணிக்கே 'வெள்ளம்'னுதான் பேரு. குடிக்கிறதும் அதுதான், முழுக்கடிக்கிறதும் அதுதான். 2018 ஆவணியில வந்த வெள்ளத்துல இந்த வீட்டு மாடிப்படி வரைக்கும் தண்ணி நின்ன கறையைக் காட்டினார்.

இந்த வயலெல்லாம் தானா வந்ததும் இல்ல. காயலுக்குள்ள தென்னை மரத்தை நட்டு, களிமண்ணை அள்ளி அடைச்சு, தண்ணியை வெளிய இறைச்சு எடுத்த நிலம். 1940-கள்ல அரிசிப் பஞ்சம் வந்தப்ப முரிக்கன்ங்கிறவர் சித்திரை, மார்த்தாண்டம், ராணின்னு மூணு பெரிய காயல் நிலங்களை எடுத்தார். மூணுக்கும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பேரு. மண்ணை மூச்சடக்கி முங்கி அள்ளின கூலிக்காரங்க பேரு எதுவும் எந்த நிலத்துக்கும் இல்ல.

சேட்டன்கிட்ட ரிசார்ட் பத்திக் கேட்டேன். அவர் திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. மூத்த மகன் ஹவுஸ்போட்ல சமையல்காரன். "அவன் சம்பளத்துல வீடு நடக்குது. நெல்லு போட்டு மாசக்கணக்காகியும் பணம் கைக்கு வராத வருஷம் இருக்கு. அப்ப படகுதான் சோறு போட்டுச்சு" என்றார். அந்தப் படகே நெல்லோட படகுதான். கெட்டுவள்ளம்னு பேரு. ஆணி அடிக்காம, பலகையைக் கயிறு வச்சுத் தைச்சுக் கட்டினது. குட்டநாட்டு நெல்லை ஏத்திக்கிட்டு கொச்சிக்குப் போன படகு. லாரி வந்ததும் வேலை போச்சு. 1990-கள்ல அதுக்கு மேல ஓலைக் கூரை போட்டு, ரூம் கட்டி, சுற்றுலாக்காரங்களை ஏத்த ஆரம்பிச்சாங்க. நெல்லு போன இடத்துல இப்ப ஆளு போகுது.

அவர் வருத்தம் வேற இடத்துல இருந்தது. காலையில ஏழு மணிக்கு ஒரு மணிச் சத்தம் கேட்டுச்சு. வீட்டு அம்மா குடத்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. குடிதண்ணிப் படகு. சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல. ஹவுஸ்போட் கழிவு ஒரு பக்கம், வயல்ல அடிக்கிற மருந்து ஒரு பக்கம். மருந்து அடிக்கிறது நாங்கதான்னு அவரே ஒத்துக்கிட்டார். அடுத்தது தண்ணீர்முக்கம் பண்டு. கடல்ல இருந்து உப்புத் தண்ணி ஏறி நெல்லைக் கெடுக்கக் கூடாதுன்னு 1970-கள்ல காயலுக்குக் குறுக்கே கட்டின தடுப்பு. டிசம்பர் நடுவுல அடைச்சு மார்ச் நடுவுல திறக்கணும்னு கணக்கு. அறுப்பு தள்ளிப் போனா திறக்குறதும் தள்ளிப் போகும். அடைச்ச மாசங்கள்ல தண்ணி ஓட்டம் நின்னு அழுக்கு தங்குது, ஆகாயத்தாமரை மண்டுது, கடல்ல இருந்து வர்ற மீனும் இறாலும் தெற்கே ஏற முடியல. மீன்காரங்க திற என்கிறாங்க, நெல்லுக்காரங்க அடை என்கிறாங்க. ரெண்டு பேர் வீட்டுலயும் பசிதான். கும்பகோணத்துல பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனுக்குப் பூர்வீகம் இந்தக் குட்டநாட்டு மங்கொம்புதான். அவர் நிறுவனம் 2007-ல் கொடுத்த அறிக்கையை வச்சு குட்டநாடு தொகுப்புன்னு 1,840 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டாங்க. "வந்தது பாதி வரப்புல நிக்குது, மீதி காகிதத்துல நிக்குது" என்றார் சேட்டன்.

கடைசியா அவர் சொன்னதுதான் எனக்கு உறைச்சது. "சின்ன வயசுல இந்தக் கரை முழுக்க நடந்தே போவோம். இப்ப கேட்டு கேட்டா இருக்கு. காயல் எல்லாருக்கும் சொந்தம்ங்கிறாங்க. காயலுக்கு வர்ற வழி யாருக்குச் சொந்தம்?"

திரும்பி வர்ற வழியில பஸ்ல தண்ணீர்முக்கம் பண்டு மேலயே போனோம். ஒரு பக்கம் தண்ணி அலையடிக்குது, இன்னொரு பக்கம் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி ஆகாயத்தாமரை. அது தாண்டினா வைக்கம். 1924-ல் கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுல எல்லாரும் நடக்கணும்னு நடந்த போராட்டத்துக்குப் பெரியார் நம்ம ஊர்ல இருந்து போய் ஜெயிலுக்குப் போன இடம். அவர் நினைவகத்துல பத்து நிமிஷம் உக்காந்திருந்தோம். நடக்குற பாதைக்காக ஜெயிலுக்குப் போயிருக்காங்க. நான் விலை பேசிக்கிட்டு இருக்கேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு.

இன்னொண்ணு. அதே காயல்ல நெடியதுருத்துன்னு ஒரு தீவு. அதுல விதியை மீறி 54 வில்லா கட்டினாங்க. கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சு, 2022-ல் இடிக்க ஆரம்பிச்சாங்க. கட்டும்போதே மீன்காரங்க வலை போடுற இடத்தை அடைக்கிறாங்கன்னு வழக்குப் போட்டவங்க பரம ஏழைங்க. ஜெயிச்சாங்க. ஆனா இடிச்ச கல்லைத் தண்ணிக்குள்ள இருந்து அள்ளுறதுக்குள்ள எத்தனை வருஷம் போச்சு பாருங்க. கட்டடம் இடிக்கலாம், பழைய தண்ணியைத் திரும்பக் கொண்டு வர எந்தக் கோர்ட்டாலயும் ஆகாது.

ஊருக்கு வந்து தம்பிகிட்ட சொன்னேன், குளத்தங்கரை வயலைக் கொடுக்க வேண்டாம்னு. அவனுக்கு வந்துச்சு பாருங்க கோபம். "நீ ரெண்டு நாள் ரிசார்ட்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியா அண்ணே? உன் மகன் சம்பாதிக்கிறான். என் மகளுக்கு யார் செய்வா?" எனக்குப் பதில் வரல. அவன் கேட்டது நியாயம். எண்ணெய் தேச்சதும் நிஜம்.

ரெண்டு நாள் யோசிச்சு மறுபடி போனேன். நான் ரிசார்ட்டே வேண்டாம்னு சொல்லல. காயல் கரையில நான் பாத்த ரெண்டு வீட்டுலயும் ஊர்க்காரங்களுக்கு வேலை இருக்கு. ஆனா நம்ம வயல் இருக்குறது மறுகால் போற வழியில. அங்க மண்ணடிச்சு மேடாக்கினா, மழை வருஷத்துல தண்ணி எங்க போகும்? கீழ இருக்கிற அத்தனை வயலுக்குள்ளயும் தான் போகும். காம்பவுண்டு போட்டா, மடை திறக்கப் போறவரு எந்த வழியாப் போவாரு? மாட்டை எங்க கழுவுவாங்க? நாலு கிழவிங்க துணி துவைக்கிற படித்துறை இருக்கே, அதை பார்ட்டியோட விருந்தாளிங்க 'வியூ'ன்னு வச்சுக்குவாங்களா, விரட்டி விடுவாங்களா? கேரளாவுல 2008-லயே நெல்வயலை நிரப்பக் கூடாதுன்னு சட்டம் போட்டு, 2020-ல் வயலை வயலா வச்சிருக்கிறவனுக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் ராயல்டின்னு ஆரம்பிச்சாங்க. சின்னக் காசுதான். ஆனா தண்ணியைத் தாங்கி நிறுத்துறதுக்கு ஒரு கூலி உண்டுன்னு ஒரு அரசாங்கம் ஒத்துக்கிட்டதே பெருசு. நம்ம வயலும் அந்த வேலையைத்தான் செய்யுது, கூலி இல்லாம.

அதனால ஒரு வழி சொன்னேன். மெயின் ரோட்டு மேல நமக்கு மூணு ஏக்கர் புஞ்சை இருக்கு. குளம் அங்கிருந்து அரை கிலோமீட்டர். விலை குறையும்தான். அதைப் பார்ட்டிக்குக் கொடுப்போம், என் பங்கையும் சேர்த்து. வர்ற பணத்துல கல்யாணச் செலவு போக மிச்சத்தைப் பிரிச்சுக்குவோம். அவங்க விருந்தாளிங்க குளம் பாக்கணும்னா நடந்து வரட்டும், கரையில எல்லாரோடயும் நிக்கட்டும். அரிசியும் காயும் நம்ம ஊர்லயே வாங்கணும்னு எழுதி வாங்குவோம். தம்பி ரொம்ப நேரம் பேசல. கடைசியில "அண்ணி முட்டு எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். சரின்னு அர்த்தமா, பேச்சை மாத்துறானான்னு எனக்கு விளங்கல. புரோக்கர் கேட்டுச் சொல்றேன்னு போயிருக்கார். இன்னும் போன் வரல.

வராமலே போனாலும் போகலாம். தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருக்கிற இடத்துக்குத்தான் விலை, இது எனக்கும் தெரியும். அப்படிப் போனா கல்யாணத்துக்கு வேற வழி பாக்கணும், அதுல என் பங்கு அவன் பங்கை விடக் கூடுதலா இருக்கணும். வேண்டாம்னு சொன்னவன் நான், அதோட செலவும் எனக்குத்தான்.

உங்க ஊர்ல குளத்தங்கரை நிலத்துக்கு இப்படி யாராவது வந்திருக்காங்களா? கொடுத்தவங்க இருந்தா என்ன ஆச்சுன்னு எழுதுங்க, திட்டுறதுன்னாலும் திட்டுங்க. வேம்பநாட்டுப் பக்கம் போறவங்க ரிசார்ட்ல ஒரு ராத்திரி தங்குங்க, வேண்டாம்னு சொல்லல. மறுநாள் அரசாங்கப் படகுல ஏறி ஒரு விவசாயி வீட்டுல தங்குங்க. ரெண்டையும் பாத்தாத்தான் காயல் பாத்த கணக்கு.

மடையில தண்ணி குறைச்சு விடுற முறை இன்னைக்கு எனக்கு. போயிட்டு வரேன். அறுப்பு முடிஞ்சு சந்திப்போம்.